ரங்கூன்ல சின்ன டிசைன் ஆபீஸ்: ஸ்ட்ரக்சுரல் கணக்குக்கு எந்த சாஃப்ட்வேர் எடுக்கலாம்?

பஹான்_சிவில்:
எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன்ல சின்ன டிசைன் ஆபீஸ் வச்சிருக்கோம், பெரும்பாலும் அஞ்சு மாடிலேர்ந்து எட்டு மாடி வரைக்கும் ஆர்.சி. (கம்பி போட்ட கான்கிரீட்) அபார்ட்மென்ட், நடுவுல லைங்தாயா பக்கம் ஸ்டீல் கோடவுன் வரும், 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு அப்புறம் பழைய கட்டடத்தையும் பாத்து சொல்லுங்கன்னு ஆளுங்க வர ஆரம்பிச்சிருக்காங்க. இத்தன நாளா மாடல் வேலைய வெளில குடுத்துட்டு டீடெயிலிங் மட்டும் பண்ணோம், இனிமே கணக்கு முழுசும் நாங்களே போடணும்னு முடிவு. கிராக் காப்பி வேணவே வேணாம், கையெழுத்து போட்டு குடுக்கற கணக்கு அது, நாளைக்கு யாராவது கேட்டா நின்னு பதில் சொல்லணும்.

ஈடாப்ஸா, ஸ்டாட் ப்ரோவா, ப்ரோட்டாஸ்ட்ரக்சரா, டெக்லா ஸ்ட்ரக்சுரல் டிசைனரா? டாலர்ல காசு கட்டறதே பெரிய பாடு, அதுக்கு மேல கரண்ட் எப்ப போகும் நெட் எப்ப வரும்னு தெரியாது, நெட் இல்லாட்டி தொறக்காத சாஃப்ட்வேர் எங்களுக்கு ஆகாது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

தட்டோன்_பையன்:
அண்ணே யோசிக்கவே வேணாம், ஈடாப்ஸ். காலேஜ்ல எல்லாரும் அதுலதான் ப்ராஜெக்ட் பண்ணோம், ஆபீசுக்கு புதுசா சேர்ற பசங்களுக்கும் அதான் தெரியும், வீடியோ நெறைய இருக்கு. மாடல் போட்டு ரன் பண்ணி டிசைன் செக்ல செவப்பு எதுவும் வரலன்னா வேலை முடிஞ்சுது, ரிப்போர்ட்ட அதுவே அடிச்சு குடுத்துடும்.

மோல்மீன்_அண்ணன்:
ஈடாப்ஸ் எடுங்கறது சரிதான் தம்பி, ஆனா செவப்பு வரலன்னா முடிஞ்சுதுங்கறத ஒத்துக்க முடியாது. அந்த ப்ரோக்ராம் நீ சொன்ன லோடுக்கு, நீ சொன்ன சைசுக்கு, நீ சொன்ன கோடுக்கு மட்டும்தான் பச்சை காட்டுது, லோடே தப்புன்னா தப்பான லோடுக்கு பச்சை காட்டும்.

பஹான், உங்களுக்கு ஒன்னு சொல்றேன். எந்த சாஃப்ட்வேர்னு கேக்கறதுக்கு முன்னாடி உங்க கணக்க யார் படிப்பாங்கன்னு யோசிங்க. ஒய்.சி.டி.சி.ல (ரங்கூன் மாநகராட்சி) பாக்கறவரா, உயரமான கட்டடம்னா சி.க்யூ.எச்.பி. கமிட்டியா, இல்ல பத்து வருஷம் கழிச்சு மேல ஒரு மாடி போடலாமான்னு ஃபைலை தொறக்கற வேற ஒரு எஞ்சினியரா. அவங்க யாருக்கும் உங்க மாடல் ஃபைல் தொறக்கணும்னு இல்ல, தாள்ல இருக்கறது புரியணும். நான் பாத்த கணக்கு புக் பாதிக்கு மேல நானூறு பக்கம் ப்ரோக்ராம் அடிச்ச டேபிள், அதுல ஸ்லாப் மேல என்ன லோடு போட்டாங்கன்னு தேடினா கெடைக்காது. அத படிக்கவும் முடியாது செக் பண்ணவும் முடியாது.

அதனால என் அபிப்பிராயம், பட்ஜெட்ட ரெண்டா பிரிங்க. அனாலிசிஸுக்கு ஒரு சீட் ஈடாப்ஸ் வாங்குங்க, நம்ம ஊர்ல செக் பண்றவங்களுக்கு பழகினது அதான், அதுக்காகவே எடுக்கலாம். மீதி கணக்க, அதாவது லோடு எடுக்கறது, பேஸ் ஷியர் (நிலநடுக்கத்துல கட்டடத்தோட அடியில வர்ற மொத்த பக்கவாட்டு விசை), ஃபுட்டிங், படிக்கட்டு, தண்ணி டேங்க், கனெக்ஷன், இதெல்லாம் படிச்சா புரியற மாதிரி வேற ஒன்னுல பண்ணுங்க. அந்த வேற ஒன்னுதான் உங்க ஆபீசோட உண்மையான டிசைன் சாஃப்ட்வேர், அத பத்திதான் யாரும் பேசறதில்ல.

பஹான்_சிவில்:
நன்றிண்ணே. ஒரு சந்தேகம், நம்ம எம்.என்.பி.சி. (மியான்மர் தேசிய கட்டட விதி) கோடு ஈடாப்ஸ் லிஸ்ட்ல இல்லையே, அதுக்கு என்ன பண்றீங்க? முன்னாடி வெளில குடுத்தப்ப ஒருத்தர் யூ.பி.சி. 97 போட்டு தந்தார், இன்னொருத்தர் ஏ.எஸ்.சி.இ. 7-05, ரெண்டும் அமெரிக்க கோடு, ஒரே மாதிரி கட்டடத்துக்கு கம்பி வேற வேற.

மோல்மீன்_அண்ணன்:
எம்.என்.பி.சி. 2016ல வந்தப்பவே நிலநடுக்கக் கணக்கு ஏ.எஸ்.சி.இ. 7-05 வழியிலதான், அதுக்கப்புறம் 2020ல திருத்தினாங்க. அதனால ப்ரோக்ராம்ல ஏ.எஸ்.சி.இ. 7-05 எடுத்து எஸ்.எஸ்., எஸ்1 மதிப்பை (நிலம் எவ்வளவு ஆடும்ங்கற ரெண்டு எண்ணு) கோடுல உங்க ஊருக்கு போட்டிருக்கறத பாத்து கையால போடணும், சைட் கிளாஸ் (மண் எந்த வகைன்னு) மண் ரிப்போர்ட்லேர்ந்து. யூ.பி.சி. 97 ஸோன் கணக்குல இருந்தது, அதோட காலம் முடிஞ்சு போச்சு. எந்த சாஃப்ட்வேர் விக்கறவன் வந்தாலும் முதல் கேள்வி இதான்: எஸ்.எஸ்., எஸ்1 மதிப்பை நானே போட முடியுமா, ஏ.சி.ஐ. 318ல (அமெரிக்க கான்கிரீட் கோடு) எந்த வருஷ பதிப்பு இருக்கு, அடி-பவுண்டுல முழு ரிப்போர்ட் வருமா. நம்ம ஆளுங்க சைட்ல இன்னும் அடி, அங்குலம், பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு)தான் பேசறாங்க, ரிப்போர்ட் மில்லிமீட்டர்ல வந்தா மாத்தறப்பவே தப்பு வரும்.

சன்ச்சாங்_கணக்கு:
அண்ணன் சொன்ன அந்த "வேற ஒன்னு" பத்தி நான் சொல்றேன், எனக்கு ரொம்ப அக்கறை உள்ள விஷயம்.

எக்ஸெல் எல்லார்கிட்டயும் இருக்கு, வேகம், ஒத்துக்கறேன். ஆனா ப்ரின்ட் எடுத்தா எண் மட்டும்தான் தெரியும், ஃபார்முலா செல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், யூனிட்டும் கெடையாது, கிப்ப (ஆயிரம் பவுண்டு) பவுண்டோட கூட்டினாலும் பேசாம கூட்டிடும். யாரோ எப்பவோ பண்ணின ஃபுட்டிங் ஷீட்ட ஆபீஸ் ஆபீஸா காப்பி பண்ணி ஓட்டறாங்க, உள்ள எந்த வருஷ ஏ.சி.ஐ. ஃபேக்டர் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பழைய ஏ.சி.ஐ.ல 1.4 டெட் (கட்டடத்தோட சொந்த எடை) 1.7 லைவ் (ஆளு, சாமான் எடை), 2002லேர்ந்து 1.2, 1.6, அதோட ஷியருக்கும் தூணுக்கும் ஃபை (பலத்த கொறச்சு எடுக்கற ஃபேக்டர்) மதிப்பும் மாறிச்சு. பழைய ஃபேக்டரும் புது ஃபையும் ஒரே ஷீட்ல கலந்து கெடந்தத நானே பாத்திருக்கேன்.

மேத்கேட்ல எழுதினா நோட்டுல கையால எழுதினாப்ல ஃபார்முலா, எண்ணு போட்டது, விடை மூணும் தெரியும், யூனிட் ஒத்து வரலன்னா அங்கயே தடுத்துடும். காசு கொஞ்சம் ஜாஸ்தி. ஸ்மேத் ஸ்டூடியோ அதே மாதிரி, செலவு கம்மி, ஆபீஸ் வேலைக்குன்னா லைசன்ஸ் விதிய படிச்சு பாத்துட்டு எடுங்க. எங்க டீம்ல பைத்தான் தெரிஞ்சவங்க இருக்கறதால ஜூப்பிட்டர்ல ஹேண்ட்கால்க்ஸ் லைப்ரரி போட்டு எழுதறோம், அது இலவசம், நெட் இல்லாமயும் ஓடும், ஃபார்முலாவ அழகா அடிச்சு குடுக்கும். சின்ன ஃப்ரேமுக்கு பைநைட்னு ஒன்னு இருக்கு, அதுவும் இலவசம், ஈடாப்ஸ்ல வந்த மொமென்ட்ட (வளைக்கற விசை) ஒரு ஃப்ரேம் தனியா எடுத்து ஒத்துப் பாக்கறதுக்கு போதும். பைத்தான் தெரியாதவங்க இதுக்காக கத்துக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சு அவங்க வேலைய விட்டு போயிட்டா ஆபீசே நின்னுடும்.

டர்பன்_தமிழ்:
நான் திருநெல்வேலி, இப்ப டர்பன்ல வேலை. இங்க சின்ன ஆபீஸ்ல ப்ரோகான் நெறைய பேர் வச்சிருக்காங்க, அது இந்த தென்னாப்பிரிக்கா நாட்டிலயே பண்ணினது. பெரிய மாடல் ஒன்னுல எல்லாத்தையும் போடாம பீமுக்கு ஒன்னு, தூணுக்கு ஒன்னு, ஃபுட்டிங்குக்கு ஒன்னு, ரிடெய்னிங் வாலுக்கு ஒன்னுன்னு தனித்தனி மாட்யூல், தேவையானத மட்டும் வாங்கலாம், ஒவ்வொன்னும் கணக்குத் தாளா வரும். உங்க சன்ச்சாங் அக்கா சொல்றது நிஜம், இங்கயும் செக் பண்றவங்க அந்தத் தாளத்தான் கேப்பாங்க. எட்டு மாடி நிலநடுக்கக் கட்டடத்துக்கு உங்க ஊர்ல ப்ரோகான எடுங்கன்னு சொல்ல வரல, இந்த ஊர் தேவை வேற. வாங்கற முறைய மட்டும் பாருங்க, ஒரே பெரிய பேக்கேஜ்ல எல்லாக் காசையும் போட வேணாம்.

மாண்டலே_சைட்:
நான் டிசைன் ஆள் இல்ல, சைட் எஞ்சினியர். நிலநடுக்கத்துக்கு அப்புறம் இங்க கட்டடம் கட்டடமா ஏறி எறங்கி பாத்தவன், அதனால ஒரு விஷயம் சொல்லாம இருக்க முடியல.

7.7 அளவு, சகாயிங் ஃபால்ட் (நிலப் பிளவு) ஊர் பக்கத்துலயே ஓடுது, 1934ல கட்டின அவா பாலமே விழுந்துடுச்சு. அபார்ட்மென்ட்ல நான் திரும்பத் திரும்ப பாத்தது ரெண்டுதான். ஒன்னு, கீழ கடைக்கு விட்ட மாடி. மேல எல்லா மாடியிலயும் செங்கல் சுவர், கீழ சுவரே இல்ல, ஷட்டர் மட்டும், அந்த ஒரு மாடி மட்டும் உக்காந்துடுச்சு. உங்க மாடல்ல சுவர் என்னவா இருக்கும்? நாலரை அங்குல சுவருக்கு சதுர அடிக்கு 55 பவுண்டு, ஒம்பது அங்குலத்துக்கு 100 பவுண்டுன்னு பீம் மேல வெறும் எடையா இருக்கும். எடை உண்டு, வெறைப்பு கெடையாது. அதனால மாடல்ல எல்லா மாடியும் ஒரே மாதிரி ஆடும், நிஜத்துல கீழ் மாடி மட்டும் ஆடும்.

ரெண்டாவது, ஸ்டிரப், அதாவது தூண் கம்பிய சுத்திக் கட்டற வளையம். தூண் ஒடஞ்ச எடத்துல பாத்தா வளையம் 90 டிகிரில மடிச்சிருக்கு, கான்கிரீட் ஓடு கழண்டதும் வளையம் தொறந்துக்குச்சு, நெடுக் கம்பி வெளிய பிதுங்கி நிக்குது. இப்ப டிசைன் பண்றவங்கள கேக்கறேன், நீங்க அந்த டப்பாவுல ஆர் 8ன்னு போடறீங்க இல்ல, அது எதுக்கு 8ன்னு ஆபீஸ்ல புதுசா வர்ற பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறீங்களா?

மோல்மீன்_அண்ணன்:
இந்த இழையில இதுக்கு மேல முக்கியமா யாரும் எழுத முடியாது, நன்றி.

தட்டோன் தம்பி, உனக்காக விரிவா சொல்றேன். ஸ்பெஷல் மொமென்ட் ஃப்ரேம்னு (ஒடையாம வளைஞ்சு குடுக்கற மாதிரி கட்டின பீம்-தூண் சட்டம்) சொன்னா ஆர் 8, நிலநடுக்க விசைய எட்டால வகுக்கறோம். அந்த சலுகை சும்மா வரல, தூண்லயும் பீம்லயும் மூட்டுப் பக்கத்துல வளையத்த நெருக்கமா கட்டி, 135 டிகிரி கொக்கி போட்டு உள்ள மடிச்சு, பீமை விட தூண் பலமா இருக்கறதா பாத்துக்கிட்டாத்தான் அந்த எட்டு செல்லும். இன்டர்மீடியட்னா ஆர் 5, டிசைன் கேட்டகரி டி (நிலநடுக்க ஆபத்து ஜாஸ்தியான வகை) வந்துட்டா அத கான்கிரீட்டுக்கு போடவே கூடாது. சாஃப்ட்வேருக்கு சைட்ல கொக்கி எப்படி மடிச்சாங்கன்னு தெரியாது. நீ 8 போட்டு சைட்ல 90 டிகிரி கொக்கி கட்டினா ரிப்போர்ட்ல பச்சையா இருக்கற கட்டடத்துக்கும் கட்டின கட்டடத்துக்கும் சம்பந்தமே இல்ல.

அதனால கணக்குத் தாள்ல முதல் பக்கத்துலயே ஆர் எவ்வளவு எடுத்தோம், அதுக்காக எந்த டீடெயில் கட்டாயம்னு எழுதி அதே வரிய டிராயிங்லயும் போடணும். எந்த சாஃப்ட்வேரும் இத உங்களுக்காக எழுதாது.

தட்டோன்_பையன்:
புரிஞ்சுதுண்ணே, நான் ஆர் 8ன்னா கோடுல இருக்கற எண்ணுன்னு மட்டும்தான் நெனச்சிட்டு இருந்தேன். கையால ஒத்துப் பாக்கறதுன்னு எல்லாரும் சொல்றீங்க, எட்டு மாடி மாடல எப்படி கையால பாக்கறது? எங்க சயா (வாத்தியார்) சொன்னது பீமுக்கு டபிள்யூ எல் ஸ்கொயர் பை 8 (டபிள்யூ அடிக்கு லோடு, எல் பீம் நீளம்) மட்டும்தான்.

மோல்மீன்_அண்ணன்:
முழு மாடல பாக்க வேணாம், முக்கியமான நாலஞ்சு எண்ணு மட்டும் பாரு.

ஆறு மாடி, நடுத் தூண் ஒன்னு எடு. அதுக்கு சேர்ற பரப்பு 14 அடிக்கு 16 அடி, 224 சதுர அடி. அஞ்சு அங்குல ஸ்லாப் 62 பவுண்டு, ஃபினிஷிங் 20, லைவ் 40, சுவரும் பீமும் தூணும் சேத்து சுமாரா சதுர அடிக்கு 200 பவுண்டுன்னு வை. ஒரு மாடிக்கு 45 கிப், ஆறுக்கு 270 கிப் கிட்ட. ஈடாப்ஸ் 250ன்னு சொன்னா சரி, 290ன்னாலும் சரி, 130ன்னு சொன்னா எங்கயோ லோடு விட்டுப் போச்சு, 500ன்னா ஸ்லாப் எடைய ரெண்டு தடவ போட்டிருக்க. இந்தக் கணக்குக்கு அஞ்சு நிமிஷம் போதும். இதோட மண் ரிப்போர்ட் சதுர அடிக்கு ஒரு டன்னுன்னு (2240 பவுண்டு) சொன்னா அந்த ஒரு தூணுக்கே 120 சதுர அடி ஃபுட்டிங், 11 அடிக்கு 11 அடி, பக்கத்துத் தூண் 14 அடியில நிக்குது, அப்ப தனித்தனி ஃபுட்டிங் சரிப்படாது, ராஃப்டோ (கட்டடம் முழுசுக்கும் ஒரே அடித்தளம்) பைலோ யோசிக்கணும்னு மாடல் போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு.

அடுத்து பீரியட், கட்டடம் ஒரு தடவ ஆடி திரும்பற நேரம். உயரம் 63 அடி கான்கிரீட் ஃப்ரேம், 0.016 பெருக்கல் 63க்கு 0.9 அடுக்கு, 0.67 செகண்ட் வரும். கோடு மேல்வரம்பு 1.4 மடங்குன்னா 0.93. மாடல் 0.2ன்னு சொன்னாலும் 3ன்னு சொன்னாலும் நிறுத்திடு, மாஸோ வெறைப்போ தப்பு. பேஸ் ஷியரும் அப்படித்தான், எஸ்.டி.எஸ். (எஸ்.எஸ்., மண் வகை ரெண்டையும் வச்சு வர்ற டிசைன் மதிப்பு) 0.8, ஆர் 8, முக்கியத்துவம் 1ன்னா மொத்த எடையில பத்துல ஒரு பங்கு, பீரியட் நீண்டா இன்னும் கொறையும், அத விட ஜாஸ்தி வந்தா கேள்வி கேளு.

பீமுக்கு உங்க சயா சொன்னது இங்கதான் உதவும். சமமா பரவின லோடுன்னா ரெண்டு முனை மொமென்ட்டோட சராசரியும் நடு மொமென்ட்டும் கூட்டினா டபிள்யூ எல் ஸ்கொயர் பை 8 வந்தே ஆகணும், முனை எப்படி பிடிச்சிருந்தாலும் சரி.

இது சின்ன விஷயம்னு நெனைக்காத. 1991 ஆகஸ்ட்ல நார்வேயில ஸ்லெய்ப்னர் ஏ-ன்னு கடல்ல நிக்க வேண்டிய பெரிய கான்கிரீட் மேடை முங்கிப் போச்சு. ஃபைனைட் எலிமென்ட் மாடல்ல மெஷ் (சின்னச் சின்ன துண்டா பிரிச்ச வலை) சரியில்லாததால ஒரு சுவர்ல ஷியர் 47 சதவீதம் கம்மியா வந்திருந்தது. அப்புறம் கவனமா கணக்கு போட்டுப் பாத்தப்ப 62 மீட்டர் ஆழத்துல ஒடையும்னு வந்தது, நிஜத்துல ஒடஞ்சது 65 மீட்டர்ல. கணக்கு தெரிஞ்ச ஆளுங்க இல்லாம இல்ல, அந்த எடத்த யாரும் தனியா எடுத்து பாக்கல.

சன்ச்சாங்_கணக்கு:
ஈடாப்ஸ் எடுக்கறவங்க கவனிக்க வேண்டியதும் சொல்லிடறேன், இது டீஃபால்ட் மதிப்பு சமாச்சாரம். வெறைப்பு ஃபேக்டர் எல்லாம் 1ன்னு இருக்கும், ஏ.சி.ஐ. பிரகாரம் வெடிச்ச கான்கிரீட்டுக்கு பீம் 0.35, தூண் 0.70ன்னு நாமதான் மாத்தணும், மாத்தலன்னா ட்ரிஃப்ட்ட (மாடி பக்கவாட்டுல நகர்ற அளவு) கம்மியா காட்டி ஏமாத்தும். மாஸ் சோர்ஸ்ல (எந்த எடையெல்லாம் ஆடும்னு சொல்ற எடம்) ஃபினிஷிங்கும் சுவரும் சேந்திருக்கான்னு பாக்கணும், சேரலன்னா கட்டடம் நிஜத்த விட லேசா இருக்கும், பேஸ் ஷியர் கொறஞ்சு போகும். ஸ்லாப்ப மெம்பிரேனா குடுத்தா லோட பீமுக்கு பிரிச்சு தள்ளும், ஷெல்லா குடுத்தா ஸ்லாபும் சேந்து வளையறதால பீம்ல மொமென்ட் கொறையும், அந்த மிச்ச மொமென்ட்ட ஸ்லாப் கம்பில யாராவது பாக்கணும். ட்ரிஃப்ட்டுக்கு சிடியால (எலாஸ்டிக் நகர்வ நிஜ நகர்வா மாத்தற ஃபேக்டர்) பெருக்கினீங்களான்னும் பாருங்க, ஸ்பெஷல் ஃப்ரேமுக்கு அது 5.5, ப்ரோக்ராம் காட்டற எலாஸ்டிக் எண்ண அப்படியே 0.020 வரம்போட ஒப்பிட்டா அஞ்சு மடங்கு தப்பு.

பஹான்_சிவில்:
இதெல்லாம் எழுதி சுவத்துல ஒட்டப் போறேன் அக்கா. ஸ்டீல் கோடவுனுக்கு என்ன சொல்றீங்க? அதுக்கு தனியா ஸ்டாட் வாங்கணுமா?

டர்பன்_தமிழ்:
ஊர்ல இருந்தப்ப ஸ்டாட்லதான் ஷெட் எல்லாம் பண்ணேன். அதுல எனக்கு பிடிச்சது, இன்புட் ஃபைல் வெறும் டெக்ஸ்ட், நோட்பேட்ல தொறந்து வரி வரியா படிக்கலாம், செக் பண்றவருக்கு அத அப்படியே குடுக்கலாம். ஆனா லாகின் போட்டு லைசன்ஸ் எடுக்கற முறை, நீங்க நெட் பத்தி சொன்னத பாத்தா யோசிக்கணும். வருஷத்துக்கு ரெண்டு மூணு கோடவுன்தான்னா தனியா வாங்காதீங்க, ஈடாப்ஸ்லயே போர்ட்டல் ஃப்ரேம் பண்ணலாம்.

மோல்மீன்_அண்ணன்:
ஒத்துக்கறேன். கோடவுன்ல விழறது ஃப்ரேம் கம்மி, கூரைத் தகடு, பர்லின் (தகட்ட தாங்கற குறுக்குச் சட்டம்), ஆங்கர் போல்ட்டுதான் ஜாஸ்தி. 2008 மே மாசம் நர்கிஸ் புயல் அடிச்சப்ப டெல்டா பக்கம் கூரை தூக்கிட்டு போனத மறக்க முடியுமா. கீழ அமுக்கற லோடு மட்டும் போட்டு ஓட்டாம மேல தூக்கற காத்துக்கு டெட் லோட 0.9 ஆக்கி ஒரு காம்பினேஷன் கட்டாயம் போடுங்க, பேஸ் பிளேட் போல்ட்ட கையால பாருங்க.

பஹான்_சிவில்:
பழைய கட்டடம்?

மாண்டலே_சைட்:
அதுக்கு சாஃப்ட்வேர் கடைசில. முதல்ல டிராயிங் இருக்கா, இருந்தா கட்டினது அது மாதிரியா, கம்பி ஸ்கேன் பண்ணி, தேவைன்னா ரெண்டு எடத்துல ஓடு தட்டி வளையம் எப்படி இருக்குன்னு பாத்து, கோர் எடுத்து கான்கிரீட் பலம் பாத்து அப்புறம் மாடல். 3000 பி.எஸ்.ஐ.ன்னு டிராயிங்ல இருந்தா 3000ன்னு போட்டு ஓட்டறாங்க, அது வெறும் நம்பிக்கை. கீழ் மாடி தொறந்திருந்தா மேல் மாடி சுவர சாய்வு ஸ்ட்ரட்டா மாடல்ல வச்சு ஒரு தடவ, வைக்காம ஒரு தடவ ஓட்டிப் பாருங்க, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பஹான்_சிவில்:
எல்லாருக்கும் மனசார நன்றி. இப்ப முடிவு இது: ஈடாப்ஸ் ஒரு சீட், ஃபுட்டிங் ராஃப்டுக்கு சேஃப்னு இருக்கற சாஃப்ட்வேர் அடுத்த வருஷம் பாக்கலாம், அது வரைக்கும் ராஃப்ட்ட கையாலயும் ஈடாப்ஸ் ரியாக்ஷனையும் வச்சு. கணக்குத் தாளுக்கு மேத்கேட், இல்லன்னா ஸ்மேத், ரெண்டுல ஒன்னு விலை கேட்டு முடிவு. எக்ஸெல் பழைய ஷீட் எல்லாத்தையும் தூக்கி வச்சிட்டு ஒவ்வொன்னா திருப்பி எழுதப் போறோம், எந்த ஏ.சி.ஐ. வருஷம்னு தலைப்புலயே போட்டு. டீலர்கிட்ட வேற என்ன கேக்கணும்?

சன்ச்சாங்_கணக்கு:
எழுத்துல வாங்கிக்க வேண்டியது: நெட் இல்லாம எத்தன நாள் ஓடும், மெஷின் செத்துட்டா லைசன்ஸ வேற மெஷினுக்கு மாத்த எத்தன நாள், சந்தா முடிஞ்சா பழைய ஃபைலை தொறந்து பாக்கவாவது முடியுமா, புது வெர்ஷன்ல சேவ் பண்ணினத பழைய வெர்ஷன்ல தொறக்க முடியாதுன்னா க்ளையன்ட்டுக்கு எந்த வெர்ஷன் குடுக்கறது. அதோட ஒவ்வொரு ப்ராஜெக்ட் முடியறப்பவும் மாடல டெக்ஸ்ட் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி கணக்கு பி.டி.எஃப். பக்கத்துலயே வைங்க, ஈடாப்ஸ்ல ஈ2கே ஃபைல்னு வரும், லைசன்ஸ் போனாலும் அத நோட்பேட்ல தொறந்து லோடும் சைசும் படிக்கலாம்.